செவலைக்கு ஒரு வளைந்த ஹோஸ்

திருக்காட்டுப்பள்ளியில் காருக்கு மாட்டுப் பெயர் வைத்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது அனிட்டாவின் வீடு. காரின் பெயர் செவலை.

சிவந்த நிறத்து மாட்டைத்தான் செவலை என்பார்கள். இந்தக் காரும் சிவப்புதான். மாட்டைப் போலவே மனசு வைத்தால் ஓடும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். ஐம்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையோடு தரையாக அவ்வளவு தாழ்வாக இருக்கும். மற்ற கார்களில் எல்லாரும் ஏறுவார்கள். செவலைக்குள் இறங்கத்தான் வேண்டும்.

அனிட்டாவின் அப்பா ரெமிஜியஸ் அரிசி ஆலையில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில், குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர் ஓட்டாமல் போட்டிருந்த காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“கட்டில் வாங்கப் போன மனுஷன் காரோட வந்து நின்னாரு” என்று அம்மா ஃபிளோரா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்குவார். முடிக்கும்போது சிரித்துவிடுவார்.

அம்மா அயர்லாந்தில் நர்ஸ். போய் இரண்டு வருடமாகிறது. அவர் கிளம்பிய அன்று பார்த்துச் செவலை படுத்துக்கொண்டது. வாடகைக் காரில்தான் ஏர்போர்ட் போனார்கள்.

“திரும்பி வர்றப்போ நான் செவலையிலதான் வருவேன். நாம மூணு பேரும் ஒண்ணா” என்று அம்மா அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

வருகிற சனிக்கிழமை அம்மா வருகிறார்.

மூன்று பேர் என்பதில்தான் சிக்கல். செவலையில் முன்னால் இரண்டு சீட். பின்னால் பேருக்கு ஒரு குட்டி சீட். பெரியவர்கள் அதில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். எட்டு வயதில் அனிட்டா அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றிருக்கிறாள். இப்போது அவளுக்குப் பத்து வயது.

திங்கட்கிழமை காலை, சந்தேகத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் முன் சீட்டில் முட்டியது. தலை கூரையைத் தொட்டது.

“அப்பா, இந்தத் தடவை நுழைஞ்சுட்டேன். அடுத்த தடவை அம்மா வர்றப்போ நுழைய மாட்டேன்.”

அப்பா குனிந்து எட்டிப் பார்த்தார். அம்மாவின் அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் இந்தப் பெண் எவ்வளவு வளர்ந்துவிடுவாள் என்று அவர் கண்ணாலேயே அளந்தார். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

“அப்ப இந்தத் தடவையே போயிடணும்” என்றார்.

சாவியைத் திருகினார். செவலை உடனே உறுமியது. அப்பாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு பத்து நிமிடம் நீடித்தது. பிறகு முன்பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். மூடிக்கு அடியிலிருந்து இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி வந்தது.

அப்பா மூடியைத் தூக்கினார். ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கழற்றும்போது அது கையோடு இரண்டு துண்டாக வந்தது. ஹீட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ்கள் இரண்டும் வெடிப்பு விட்டிருந்தன.

“எல்லாமே காரோட பொறந்த ரப்பர்” என்றார் அப்பா. “அம்பது வருஷம் உழைச்சிருக்கு. இதுக்கு மேல அதைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அன்று மாலையே அப்பா தேடத் தொடங்கினார். இணையத்தில் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் என்றது. அதற்குள் அம்மா வந்துவிட்டுத் திரும்பியே போய்விடுவார். செவ்வாய்க்கிழமை ஆலைக்கு லீவு போட்டுத் திருச்சிக்குப் போனார். புதன்கிழமை தஞ்சாவூருக்குப் போனார். அலைந்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மறுபடி தஞ்சாவூர், அனிட்டாவும் உடன் போனாள். காலாண்டுத் தேர்வு லீவு என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. நான்கு கார் சாமான் கடைகள் ஏறி இறங்கினார்கள். நான்கிலும் ஒரே கதைதான் நடந்தது.

அப்பா கடைக்குள் நுழைந்ததும் செவலையின் இங்கிலீஷ் பெயரை நீட்டி முழக்கிச் சொல்வார். அது எந்த நாட்டில் செய்தது, எந்த வருடம் செய்தது, குன்னூரிலிருந்து எப்படி வந்தது எல்லாம் வரும். போனில் படம் காட்டுவார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வருவார். பக்கத்துக் கடைக்காரரும் வருவார். டீ வரும். ஹோஸ் மட்டும் வராது.

“இந்த வண்டிக்கெல்லாம் இங்க கிடைக்காது சார்” என்பார் கடைக்காரர், டம்ளரைக் கீழே வைத்தபடி.

ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். “தஞ்சாவூர் வெயில்ல ஹீட்டர் எதுக்கு சார்? அந்த ரெண்டு குழாயையும் ஒண்ணா சேர்த்துக் கட்டிட்டுப் போங்க.”

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ஜின் சூடேறினா ஹீட்டரைத் திறந்து விடுவேங்க. பாதிச் சூடு அது வழியா வெளிய போயிடும். அந்தப் பழைய வண்டிக்கு அதுதான் மருந்து. ஆடிக் கறக்குற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டைப் பாடிக் கறக்கணும்.”

கடைக்காரர் தலையை ஆட்டினார். கறக்கத்தான் எதுவும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியதும் அப்பா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். “வாடகைக் காருக்குச் சொல்லிடலாம்மா” என்றார்.

அனிட்டா உடைந்த ஹோஸ் துண்டுகளைத் தரையில் ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நேராக வந்து, ஒரு வளைவு வளைந்து, நுனியில் லேசாகத் தலையைத் தூக்கியிருந்தது.

“ஏம்ப்பா, இந்த ஹோஸுக்குத் தான் எந்த வண்டியில இருக்கோம்னு தெரியுமா?”

“ரப்பருக்கு என்னம்மா தெரியும்?”

“அப்ப நாம ஏன் வண்டி பேரைச் சொல்லிக் கேக்குறோம்? நீங்க பேரைச் சொன்ன உடனே எல்லாரும் இல்லைன்னு முடிவு பண்ணிடுறாங்க. யாரும் ஹோஸைத் தேடிக்கூடப் பாக்கலை. எல்லாரும் கதைதான் கேக்குறாங்க.”

அப்பா யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னது நியாயம். நான்கு கடையிலும் தான் எவ்வளவு பேசினோம் என்று அவருக்கே நினைவு வந்தது.

துணி உலர்த்தும் கொடிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கம்பியை அனிட்டா எடுத்து வந்தாள். தரையில் கிடந்த துண்டுகளின் மேலேயே வைத்து, அப்பாவின் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தாள். ஹோஸ் எப்படிப் போகிறதோ கம்பியும் அப்படியே போனது. வாய் அகலத்துக்கு என்ன செய்வது? வீட்டிலிருந்த டார்ச் லைட்டின் பின்பக்கம் ஹோஸின் வாய்க்குள் சிக்கென்று நுழைந்தது. மெல்லிய ஹோஸுக்கு ஒரு கொழுத்த மார்க்கர் பேனா பொருந்தியது.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவின் பைக்கில் மறுபடி கிளம்பினார்கள். அனிட்டாவின் மடியில் ஒரு வளைந்த கம்பி, ஒரு டார்ச், ஒரு பேனா. பார்த்தவர்கள் பள்ளிக்கூட நாடகத்துக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பூதலூருக்கு முன்னால் சாலையோர வயல்களில் குறுவை நெல் முற்றி, கதிர் தலை சாய்ந்து நின்றது. ஒரு வயலில் அறுவடை மெஷின் பாதியில் நின்றிருந்தது. அதன் பக்கத் தகட்டைத் திறந்து வைத்து ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் ஹோஸ் வளைந்து போனது. நடுவில் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

“அப்பா, நிறுத்துங்க” என்றாள் அனிட்டா.

வரப்பில் இறங்கி அவரிடம் போனாள். அவர் பெயர் சிங்காரவேலு. மெஷினும் அவருடையது, வயலும் அவருடையது.

“மாமா, இந்த மாதிரி ஹோஸ் எங்க வாங்குவீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தஞ்சாவூர் கரந்தையில லத்தீஃபா அக்கா கடையில வாங்குவேன் பாப்பா. டிராக்டர், அறுப்பு மெஷின் சாமான் எல்லாம் இருக்கும். நானே போகணும். இந்த ஒட்டு சாயங்காலம் வரைக்கும் தாங்கிட்டா போதும், இந்த வயலை அறுத்துப் போட்டுட்டுப் போகலாம்னு பாக்குறேன்.” வானத்தை ஒரு பார்வை பார்த்தார். கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

லத்தீஃபா அக்காவின் கடையில் சுவர் தெரியவில்லை. ஆணிக்கு ஆணி ஹோஸும் பெல்ட்டும் தொங்கின. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பா வாயைத் திறந்தார். அனிட்டா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா வாயை மூடினார்.

“இந்த வளைவுல, இந்த டார்ச் நுழையுற அளவுல ஒரு ஹோஸ் வேணும். சுடுதண்ணி தாங்கணும்” என்றாள்.

லத்தீஃபா அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த வண்டி என்று கேட்கவே இல்லை. நீளக் கோலால் உயரத்திலிருந்த ஓர் ஆணியிலிருந்து ஒரு ஹோஸை இறக்கினார். அது இரண்டு முழ நீளம் இருந்தது. மூன்று இடத்தில் வளைந்திருந்தது. டார்ச் அதன் வாய்க்குள் சிக்கென்று உட்கார்ந்தது.

“இதுல எங்கயாவது உன் வளைவு இருக்கும். இதை எல்லாரும் அவங்கவங்க மெஷினுக்குத் தேவையான இடத்துல அறுத்துக்குவாங்க. கடைசியா ஒண்ணுதான் இருக்கு. மெல்லிசு எதுக்குடா கண்ணு?”

“ஹீட்டருக்கு.”

“தஞ்சாவூர்லயா?”

அப்பாவால் இனியும் தாங்க முடியவில்லை. ஹீட்டரைத் திறந்தால் என்ஜின் சூடு எப்படித் தணியும் என்று விளக்கினார்.

“அப்ப வண்டிக்கு ஜுரம் வந்தா உங்க காலுக்கு ஒத்தடம்னு சொல்லுங்க” என்றார் லத்தீஃபா அக்கா. சிரிக்காமல் மெல்லிய ஹோஸை அளந்து வெட்டிக் கொடுத்தார்.

அனிட்டா பெரிய ஹோஸை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாளைக்கு இந்நேரம் அம்மா வந்திருப்பார். செவலையில் மூன்று பேரும் வந்துகொண்டிருப்பார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. சிங்காரவேலு அவசரமாக இறங்கினார். கையில் துணி சுற்றிய ஹோஸ், நீளவாக்கில் கிழிந்து தொங்கியது.

“ஒட்டு தாங்கலைக்கா. பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒண்ணு எடுங்க.”

லத்தீஃபா அக்கா வெற்று ஆணியைப் பார்த்தார். பிறகு அனிட்டாவைப் பார்த்தார். “கடைசி ஒண்ணு இப்பதான் போச்சுண்ணே. புது சரக்கு திங்கக்கிழமைதான் வரும்.”

சிங்காரவேலு அனிட்டாவின் கையிலிருந்ததைப் பார்த்தார். ஆனால் கொடு என்று கேட்கவில்லை.

“சரி, பாப்பா முன்னாடி வந்துடுச்சு. என்ன பண்றது” என்றார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். “இன்னும் ஆறு மா நிக்குது. ரெண்டு ஏக்கர். மழை அடிச்சா அவ்வளவும் படுத்துடும். படுத்தா தண்ணியில முளைச்சுடும்.”

அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் கடையில் எல்லாருக்கும் கேட்டது.

அப்பா அனிட்டாவைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

அனிட்டா கையிலிருந்த ஹோஸைப் பார்த்தாள். இந்தக் கடையைச் சொன்னதே சிங்காரவேலுதான். சொல்லாமல் இருந்திருந்தால் இது இப்போது அவர் கையில் இருக்கும். அம்மா வாடகைக் காரில் வந்தாலும் அம்மாதான். அந்தக் குட்டி சீட்டுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது, அது நிச்சயம். ஆனால் அறுக்காமல் நிற்கும் நெல்லுக்கும் அடுத்த வாய்ப்பு கிடையாதே.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை அவள் தானாகவே செய்தாள்.

“மாமா, நீங்க எடுத்துக்கோங்க” என்று நீட்டினாள்.

“வேணாம் பாப்பா. உனக்கு என்ன அவசரமோ.”

“எங்க அம்மா நாளைக்கு வெளிநாட்டுலேருந்து வர்றாங்க. கூப்பிடப் போகணும். பரவாயில்லை, வேற கார்ல போயிக்கிறோம். நெல்லு நனையக் கூடாது.”

அப்பா அவள் தலையில் கையை வைத்தார்.

சிங்காரவேலு தயங்கித் தயங்கி வாங்கினார். பழைய ஹோஸைப் புதியதன் மேல் வைத்துச் சரிபார்த்தார். ஒரு முனையிலிருந்து இரண்டு வளைவு வரை பொருந்தியது.

“இவ்வளவு போதும். மிச்சத்தை அறுத்துப் போட்டுடுங்கக்கா” என்று பழக்கத்தில் சொன்னார்.

அனிட்டா நிமிர்ந்தாள். “மிச்சத்தைப் போட்டுடுவீங்களா?”

“எல்லாரும் அப்படித்தான் பாப்பா. வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்றது?”

“ஒரு நிமிஷம் மாமா.”

கம்பியை எடுத்து ஹோஸின் மறுமுனையிலிருந்து வைத்தாள். பொருந்தவில்லை. கம்பியைத் திருப்பிப் போட்டாள். வளைவு வளைவில் உட்கார்ந்தது. லேசாகத் தலை தூக்கும் நுனியும் சரியாக இருந்தது. இந்தப் பக்கம் சிங்காரவேலுவின் பழைய ஹோஸ், அந்தப் பக்கம் அனிட்டாவின் கம்பி. நடுவில் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது.

நான்கு பேரும் அந்த இரண்டு விரல் இடத்தையே பார்த்தார்கள்.

லத்தீஃபா அக்கா சாக்பீஸால் அங்கே ஒரு கோடு போட்டார். ரம்பத்தை எடுத்தார். “பிடிங்கண்ணே. பாப்பா, நீ அந்தப் பக்கம் பிடி.”

ஒரு ஹோஸ் இரண்டானது. சிங்காரவேலு தன் துண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கில் பறந்தார். தெரு முனை வரை போனவர், திரும்பி வந்தார்.

“உங்க பேரு என்ன பாப்பா?”

“அனிட்டா.”

“மறக்க மாட்டேன்” என்றுவிட்டு மறுபடி பறந்தார்.

மதியத்துக்குள் அப்பா செவலைக்கு எல்லா ஹோஸையும் மாட்டிவிட்டார். அனிட்டா கிளிப்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஓட விட்டார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. செவலை அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மழை பிடித்தது. ஊரே வெள்ளையாகிவிடும் அளவுக்குக் கொட்டியது.

“அந்த மாமா அறுத்து முடிச்சிருப்பாராப்பா?”

“முடிச்சிருப்பாரும்மா” என்றார் அப்பா. ஆனால் அவரும் ஜன்னலோரமாகவே நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை செவலை கிளம்பியது. அந்த வயல் வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். வயலில் அறுத்த நெல்லின் தாள் மட்டும் நின்றது, இடையிடையே மழைத் தண்ணீர். மேட்டில் மெஷின் கழுவித் துடைத்தது போல நின்றது. பக்கத்தில் படுதா போட்டு மூடிய பெரிய நெல் குவியல் இருந்தது. அனிட்டா வெகு நேரம் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திருச்சி ஏர்போர்ட்டில் அம்மா இரண்டு பெரிய பெட்டிகளோடு வெளியே வந்தார். அனிட்டாவைக் கட்டிக்கொண்டார். விலக்கிப் பார்த்தார். மறுபடி கட்டிக்கொண்டார்.

“போன்ல பாக்குறப்போ தெரியலையே. இவ்வளவு வளந்துட்டியா?”

பெட்டிகள் செவலைக்குள் நுழையாது என்பது அப்பாவுக்கு முன்பே தெரியும். அதற்காக அம்மாவின் தம்பி டேவிட்சன் தன் சுமை ஆட்டோவோடு வந்திருந்தார். வாழைத்தார் ஏற்றுகிற ஆட்டோவில் அயர்லாந்துப் பெட்டிகள் இரண்டும் ராஜாவாக ஏறிக்கொண்டன.

“நான் புள்ளையோட பின்னாடி உட்கார்றேங்க” என்று அம்மா காலை விட்டுப் பார்த்தார். பாதி உடம்பு உள்ளே போனது. பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை வெளியே எடுத்தார்கள்.

அனிட்டா தோளை ஒடுக்கி, முழங்காலை மடக்கி, பின்னால் நுழைந்தாள். அம்மா முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சீட்டுக்கு நடுவே இருந்த இடைவெளியில் ஒரு கையைப் பின்னால் நீட்டினார். அனிட்டா பிடித்துக்கொண்டாள்.

துவாக்குடியில் லாரிகள் வரிசையாக நின்றன. சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. அப்பா ஹீட்டரைத் திறந்தார். சூடான காற்று குபுகுபுவென்று காலடியில் அடித்தது.

“ஃபிளோரா, கொஞ்ச நேரம் பொறுத்துக்க. என்ஜினுக்காகத்தான்.”

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காற்றுக்கு நேராக நீட்டினார். “இருக்கட்டுங்க. ரெண்டு வருஷமா இந்தக் கால் சூடாவே இல்லை.”

லாரிகள் நகர்ந்தன. முள் இறங்கியது. அம்மா அங்குள்ள ஆஸ்பத்திரியைப் பற்றி, மூன்று நாள் விடாமல் பெய்த மழையைப் பற்றி, பொங்கலுக்கு ரொட்டி தின்றதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பேசப் பேச அவர் கட்டைவிரல் அனிட்டாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது.

செங்கிப்பட்டி தாண்டியதும் அனிட்டாவின் இடது கால் மரத்துப்போனது. பூதலூர் வருவதற்குள் வலது காலும் மரத்துவிட்டது. சொன்னால் அப்பா வண்டியை நிறுத்துவார், அம்மா கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

திருக்காட்டுப்பள்ளி வந்து சேரும்வரை அவள் சொல்லவே இல்லை.